பெட்டியம்மனும் டிரைவர் சிந்தாமணியும்

ஓமக்காட்டூரில் பிறந்த ஆம்பளைக்கு மீசை அரும்புவதற்கு முன்னால் லாரி ஓட்ட வந்துவிடும், அங்கே வாக்கப்பட்டு வந்த பொம்பளைக்கோ ஊர் எல்லையில் லாரி கியர் மாறுகிற சத்தத்தை வைத்தே வருவது யார் வீட்டுக்காரன், வெறும் வயிற்றோடு வருகிறானா, வழியில் யாரோடாவது வம்பிழுத்துவிட்டு வருகிறானா, இப்போதே இலையைப் போடலாமா கொஞ்சம் பொறுத்துப் போடலாமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் சொந்தமாகக் கார் வைத்து ஓட்டிய ஒரே பொம்பளை சிந்தாமணி. அந்தக் கார் ஒரு காலத்தில் நூல் மில் முதலாளி கப்பலில் வரவழைத்தது. மில்லைப் பூட்டின பிறகு டிக்கிக்குள் கோழி முட்டையிட்டுக் கிடந்ததை இவள் வாங்கிக் கழுவித் துடைத்து, காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் மற்ற நேரத்தில் பிரசவத்துக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அந்தப் பாலேட்டு நிறக் காரின் பின்சீட்டில் அவசரப்பட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவள் போட்ட அதட்டலில் பொறுத்திருந்து பிறந்தவை.

அப்படியும் அவளை ஒரு வாய் டிரைவர் என்று சொன்னதில்லை. ஏனென்று கேட்டால், அந்தக் காருக்குக் கிளட்ச் கிடையாது. லிவரை ஒரு தடவை தள்ளிவிட்டால் போதும், வண்டி தானே யோசித்துத் தானே கியர் மாற்றிக்கொள்ளும். லாரிக்காரர்கள் கண்ணுக்கு அது ஓட்டுகிறதே இல்லை. ஊர் சொன்னதுகூட அவளுக்குப் பெரிசில்லை, அவள் புருசன் செங்கோடன் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பம்பாய் லைனில் ஓடுகிறவன், நல்ல மனுசன், பெண்டாட்டிமேல் ஒரு நாளும் கை நீட்டாதவன், ஆனால் இந்த ஒரு விசயத்தில் மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லுவான், "அது தானா போகுது புள்ள. நீ துணைக்குக் கூட உக்காந்துட்டுப் போற."

இப்படியிருக்கையில் ஆவணியில் பூ கேட்டார்கள். ஊருக்கு மேற்கே கூகைமலை, அதன் உச்சியில் கரியகாளி. மாசித் திருவிழாவில் அவளுடைய உற்சவர் சிலையை ஊரிலிருந்து ஒரு வண்டியில் ஏற்றி, பின்னால் ஊர் லாரி அத்தனையும் வேப்பிலையும் வாழைக்கன்றும் கட்டிக்கொண்டு வர, மலைக்குக் கொண்டுபோக வேண்டும். சாமி வண்டி வழியில் நிற்கக் கூடாது, ஒரு சாண்கூடப் பின்னால் உருளக் கூடாது. நின்றால் அம்மனுக்கு வர இஷ்டமில்லை என்று அர்த்தம், அந்த வருசம் திருவிழா கிடையாது. நிறுத்தாமல் ஏற்றிய டிரைவருக்குக் கோயில் பட்டுத்துணியை மடித்துத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். எந்த வண்டி என்று அம்மனே சொல்வாள், வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு ஒவ்வொரு வண்டியாகக் கேட்டு ஒரு மடிப்பை எடுப்பார்கள், வெள்ளை வந்தால் அந்த வண்டி. அந்த வருசம் ஒவ்வொரு லாரிக்கும் சிவப்பே வந்தது. கேட்டுக் கேட்டுப் பூசாரிக்குத் தொண்டை கட்டிப்போய், கடைசியில் எவனோ கேலிக்கு, "சிந்தாமணி காரையும் கேட்டுப்போடுங்க சாமி" என்றான். வெள்ளை வந்தது.

தர்மகர்த்தா நாச்சிமுத்துதான் முதலில் தேறினார். "அம்மன் கேட்டது வண்டியைத்தானே. பூ விழுந்த வண்டியோட டிரைவர் ஏத்தணும்ங்கறது வழக்கம். இந்த வண்டிக்குத்தான் டிரைவரே கிடையாதே, தானா போறதாச்சே. அதனால செங்கோடன் உக்காரட்டும்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். செங்கோடனும் ஆட்டினான்.

சிந்தாமணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "டிரைவர் இல்லாததுதான உங்களுக்குக் கொறை? கியர் வெச்சு, கிளட்ச் வெச்சு, மாசிக்குள்ள நானே ஓட்டறனுங்க. அப்ப யாரு டிரைவர்னு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அர்த்தனாரி பட்டறைக்குப் போனாள்.

அர்த்தனாரி மெக்கானிக், வாய் கொஞ்சம் நீளம், கைவேலை ரொம்பச் சுத்தம். "அக்கா, இது இருதயத்த மாத்தற மாதிரிங்க. கியர் பெட்டிய மட்டும் கழட்டி மாட்டறதில்ல. ஃப்ளைவீல் வேணும், கிளட்ச் பிளேட் வேணும், பெடல் வேணும், பின்னால போற ஷாஃப்ட அளவு பாத்து வெட்டணும், கியர் ராடுக்குத் தரையில ஓட்டை போடணும். மலையேறற வரைக்கும் தாங்குமான்னு என்னையக் கேக்காதீங்க" என்றான். "உன்னைய யாரு கேட்டா, கழட்டுடா" என்றாள் சிந்தாமணி. காயலான்கடையில் அதே இஞ்சின் போட்ட, கியர் வைத்த ஒரு கார் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது, அதன் வயிற்றிலிருந்து தேவையானதையெல்லாம் அறுத்து எடுத்து வந்தார்கள். காருக்குள் கால் வைக்கிற இடத்து மிதியடியை உரித்தபோது, கிளட்ச் பெடல் வர வேண்டிய இடத்தில் தகட்டின்மேல் வட்டமாக அச்சு குத்தியிருந்தது, ஓட்டை போடாமல் விட்டிருந்தான் செய்தவன். சிந்தாமணி அதன்மேல் விரலை வைத்து, "பாத்தியா, எனக்குன்னு எடம் விட்டு வெச்சிருக்கான்" என்றாள். அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கழட்டிப் பட்டறை மூலையில் பலகைமேல் இறக்கியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் அர்த்தனாரி பட்டறையைக் கழுவிவிட, ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, அரம், வெல்டிங் மெஷின் என்று இரும்பாக இருந்த எல்லாவற்றுக்கும் சிந்தாமணி சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள், வந்த வேகத்தில் மூலையில் கிடந்த பெட்டிக்கும் வைத்துவிட்டாள். "ஐயோ அக்கா, கழட்டிப் போட்டதுக்கு எதுக்குங்க பொட்டு? பொட்டு வெச்சதெல்லாம் நாளைக்கு வேலைக்கு எறங்கோணுமே!" என்று அர்த்தனாரி கத்தினான். அன்றைக்கு வைத்த பொட்டை அழிக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. விட்டுவிட்டார்கள்.

விஜயதசமி காலையில் பட்டறையைத் திறந்து, ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றி அர்த்தனாரி வேலையைத் தொடங்கினான், மூலையில் பெட்டியும் தொடங்கிவிட்டது. இஞ்சின் இல்லை, கரண்ட் இல்லை, அது பாட்டுக்கு இதமாகச் சூடாகி, வயிறு நிறைந்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு, எது எந்த வேகத்தில் போக வேண்டுமோ அதை அந்த வேகத்துக்கு மாற்றிவிட்டது. பட்டறைக்கு அடுத்த இட்லிக் கடை ரங்கநாயகியின் மாவு பனிக்காலத்திலும் பக்குவமாகப் பொங்கியது. அழுகிற பிள்ளையைப் பெட்டி பக்கத்தில் தொட்டில் கட்டிப் போட்டால் தொட்டில் தானே ஆடி, பிள்ளை தூங்கத் தூங்க வேகம் குறைந்து தானே நின்றது. புருசன் பெண்டாட்டி சண்டை அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு கியர் இறங்கி, இன்னொரு கியர் இறங்கி, கடைசியில் குழம்புக்கு உப்பு போதுமா என்ற கேள்வியில் வந்து நின்றது. ஊரில் யாரும் இதைக் கண்டு மூக்கில் விரல் வைக்கவில்லை, பொட்டு வைத்தால் வேலை செய்யத்தானே செய்யும் என்றார்கள், ஒரு தகரக் கூரை போட்டார்கள், மஞ்சள் துணி சுற்றினார்கள், பெட்டியம்மன் என்று பேரும் வைத்தார்கள்.

பெட்டியிலிருந்து சிவப்பாக எண்ணெய் கசிந்தது, அந்த வகைப் பெட்டிக்கு எண்ணெயே சிவப்புத்தான், ஆனாலும் குங்குமம் கரைகிறது என்று சொல்வதில் ஊருக்கு ஒரு திருப்தி. அதைச் சின்னச் சீசாவில் பிடித்து லாரி கேபினில் கட்டித் தொங்கவிட்டான் ஒருவன். என்னத்தைச் சொல்ல! லாரி தானே கியர் மாற்றிக்கொண்டது. கிளட்சை மிதிக்க வேண்டாம், ராடைத் தொட வேண்டாம், பம்பாய் போய்த் திரும்பினாலும் தோள்பட்டை வலிக்கவில்லை. ஒரே மாசத்தில் சீசா கட்டாத லாரியே ஊரில் இல்லை. டிரைவர்கள் கொழுகொழுவென்று ஆனார்கள், இடது காலைச் சீட்டின்மேல் மடித்துப் போட்டுக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டே ஓட்டினார்கள், செங்கோடன் உட்பட. தானா போவதைப் பற்றி ஒருத்தனும் இப்போது கேலி பேசவில்லை.

அந்த ஊரில் பெட்டியம்மன் உதவாத வண்டி ஒன்றே ஒன்றுதான், அது சிந்தாமணி கார். கழட்டிவிட்ட வீட்டுக்குள் மறுபடி காலடி வைக்கப் பெட்டிக்கு ரோஷம். சிந்தாமணியும் கேட்கவில்லை, அவளுக்கும் ரோஷம். பழைய கல்குவாரி மைதானத்தில் அவள் தனியாகப் பழகினாள். கிளட்சைப் படக்கென்று விடுவாள், வண்டி தவளையாகத் தாவும், அணையும், திரும்பக் கிளப்புவாள், கியர் பல்லை நறநறவென்று கடிக்கும், ராடைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள், பிறகு தட்டிக்கொடுப்பாள். இடது முழங்கால் வீங்கிப்போய் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். செங்கோடன் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல எவளாச்சும் கால ஒடச்சுக்குவாளா? அந்தப் பெட்டியவே திருப்பி மாட்டிப்போடு" என்பான். விடிந்ததும் அவள் மறுபடி குவாரிக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு நாள் குவாரி மேட்டில் இரண்டாவதிலிருந்து முதல் கியருக்கு, ஓட்டத்தை நிறுத்தாமல், கிளட்சை இரண்டு தரம் மிதித்து நடுவில் ஒரு உறுமல் கொடுத்து இறக்கினாள், வெண்ணெயில் கத்தி இறங்கினதுபோல் இறங்கியது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் தன் தொடையைத் தானே தட்டி, "அடி சக்கை, சிந்தாமணி!" என்றாள்.

மாசி பிறந்ததும் ஊர் கூடியது. நாச்சிமுத்து பேசினார். "சாமியே நமக்குப் பெட்டியா வந்து உக்காந்திருக்குது. அதத் திருப்பிக் கார்ல மாட்டிட்டா, அம்மன அம்மனே ஏத்திக்கிட்டுப் போயிரும். ஒரு பயம் இல்ல. சிந்தாமணியும் ஆசப்பட்ட மாதிரி முன்னால உக்காந்துக்கட்டும், வேண்டாங்கல." ஊருக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ரங்கநாயகிகூட, "உனக்கு நல்லதுக்குத்தான சொல்றாங்க அம்மிணி" என்றாள். சிந்தாமணி கூட்டத்தில் புருசனைத் தேடினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைதான் அவளுக்குச் சுட்டது.

"நான் ஆசப்பட்டது முன்னால உக்கார்றதுக்கில்லீங்க, ஓட்டறதுக்கு. பூ விழுந்தது எம்பட வண்டிக்கு. டிரைவர் இல்லாத வண்டின்னு சொன்னீங்க, இப்ப இருக்கறன். அதத் தடுக்கணும்னா மறுபடி பூக் கேளுங்க" என்றாள். விழுந்த பூவை மறுபடி கேட்க அந்த ஊரில் எந்தக் கொம்பனுக்கும் தைரியம் கிடையாது. நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நின்னா ஊருக்கே கேடு, ஞாபகம் வெச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

திருவிழா அன்று பின்சீட்டில் அம்மன், அம்மனைப் பிடித்துக்கொண்டு பூசாரி, முன்சீட்டில் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து, பின்னால் செங்கோடன் லாரி, அதற்குப் பின்னால் மேளமும் மைக்செட்டும் சனமும் ஏறிய ஊர் லாரிகள். அடிவாரத்து வேம்பைத் தாண்டி முதல் வளைவில் திரும்பியதும் லாரிகளில் தொங்கிய சீசாக்களில் சிவப்பு வெளுத்து, எண்ணெய் வெறும் தண்ணீராகப் போனது. தன் மலையில் இன்னொருத்தி வேலை பார்க்கக் கரியகாளி விடமாட்டாள், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிந்தாமணிக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ரோடு, இஞ்சின் சத்தம், இடது கால், இடது கை. மேளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பின்னால் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மூச்சுமுட்டி வளைவு வந்தது. பழைய பெட்டியோடு இந்தக் கார் திணறித் திணறிப் பின்வாங்கிய இடம் அது. இஞ்சின் முனக ஆரம்பித்தது, வேகம் செத்துக்கொண்டே வந்தது, நாச்சிமுத்து, "தாயே, தாயே" என்றார், அது அம்மனையா சிந்தாமணியையா என்று அவருக்கே தெரியாது. மிதித்தாள், விட்டாள், ஒரு உறுமல், மறுபடி மிதித்தாள், ராடு முதல் கியரில் போய் உட்கார்ந்தது, கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் மூக்கைத் தூக்கி வளைவை மென்றுகொண்டு ஏறியது. சிந்தாமணிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைக்கக் கை ஒழியவில்லை, அப்படியே வழியவிட்டு ஓட்டினாள்.

உச்சியில் அம்மனை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு லாரி இல்லை. கடைசி வண்டி வந்து சேர்ந்தால்தான் அங்கே கற்பூரம் ஏற்றுவார்கள். சிந்தாமணி செருப்பைக் கழட்டிவிட்டு நடந்தே இறங்கினாள். மூச்சுமுட்டிக்குக் கீழே வரிசையாக அத்தனை லாரியும் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றன. மாசக்கணக்கில் மடித்துப் போட்ட கால்கள், கிளட்சை எப்போது மிதிப்பது எப்போது விடுவது என்பதை மறந்துவிட்டிருந்தன. டிரைவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தானே மாறும் என்று காத்திருந்தார்கள். முதல் லாரியில் செங்கோடன் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான்.

"கால் மறந்துபோச்சு புள்ள" என்றான். "அப்பன் சொல்லிக்குடுத்த வேல, இப்பிடி மறந்துபோச்சு."

சிந்தாமணி அதுவரை லாரி ஓட்டியதில்லை. அவனைக் குத்திக்காட்ட எத்தனையோ வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது, அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கினாள். "சித்த அக்கட்டால நவுந்து உக்காருங்க" என்று ஏறினாள். கிளட்ச் கல்லாக இருந்தது, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி உடம்புப் பாரம் மொத்தத்தையும் இடது காலில் இறக்கினாள். சக்கரத்துக் கல்லை எடுக்கச் சொல்லிவிட்டுக் கிளட்சை மெல்ல விட்டாள். லாரி உறுமி நகர்ந்தது. வளைவு நெருங்கும்போது செங்கோடன், "இப்ப..." என்று வாயைத் திறந்தான், அவன் முடிப்பதற்குள் அவள் கியரை இறக்கி முடித்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, கியர் ராடின்மேல் இருந்த பெண்டாட்டி கையையே உச்சிவரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்து இன்னொரு லாரி, அதற்கடுத்து இன்னொன்று. ஏற்றிவிட்டு இறங்குவாள், இறங்கி ஏற்றுவாள். "அக்கா, எம்பட லாரியையும்" என்று வரிசையில் நின்ற ஆம்பளைகள் கூப்பிட்டார்கள். கீழே இருந்த பொம்பளைகள் மலையில் கியர் மாறுகிற சத்தத்தைக் காதைத் தீட்டிக் கேட்டு, எந்த வண்டியாக இருந்தாலும் ஓட்டுகிற கை ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, அது யார் கை என்பதையும் சொல்லிவிட்டார்கள். வெயில் தாழ்ந்தபோது கடைசி லாரி உச்சிக்கு வந்தது. சிந்தாமணி இறங்கினாள், இடது கால் தரையில் நிற்காமல் ஆடியது, அதை அப்படியே ஆடவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

அதற்குப் பிறகு ஓமக்காட்டூரில் சீசா கட்டுகிற வழக்கம் ஒழிந்தது. பெட்டியம்மன் மட்டும் இன்றைக்கும் தகரக் கூரைக்குக் கீழே உறுமிக்கொண்டுதான் இருக்கிறாள். மாவுக்கும் தொட்டிலுக்கும் சண்டைக்கும் அவள் வேண்டும், டிரைவர்கள் மட்டும் கும்பிட்டுவிட்டு ஒரு எட்டுத் தள்ளியே போவார்கள். அது பின்னால் நடந்தது. அன்றைக்கு மலையில் கற்பூரம் ஏற்றி, பூசாரி கோயில் பட்டை மடித்துச் சிந்தாமணி தலையில் பரிவட்டம் கட்டினார். கொண்டை இடித்தது, அவிழ்த்துத் தாழ்த்தி முடிந்துகொண்டு மறுபடி தலையைக் கொடுத்தாள். குலவைச் சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆனது.

நாச்சிமுத்து மைக்கைப் பிடித்தார். நல்ல மனசோடுதான் பிடித்தார், பழக்கம்தான் நாக்கை விடவில்லை. "இந்த வருசம் நம்ம கரியகாளி அம்மன நிக்காம மலையேத்தி, ஊர் வண்டி அத்தனையும் ஏத்திக் குடுத்தது யாருன்னா, நம்ம டிரைவர் செங்கோடனோட சம்சாரம்..."

சிந்தாமணி முகம் சட்டென்று விழுந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு செங்கோடன் வந்தான், தர்மகர்த்தா கையிலிருந்து மைக்கை வாங்கினான். பம்பாய் வரைக்கும் போய் வந்த மனுசன், மைக்கில் பேசிப் பழக்கமில்லை, இரண்டு தரம் தொண்டையைச் செருமினான்.

"தர்மகர்த்தா மாத்திச் சொல்லிப்போட்டாருங்க. வண்டி ஏத்துனவிய டிரைவர் சிந்தாமணி. நான் அவிய வீட்டுக்காரன், பேரு செங்கோடன். நானும் லாரிதான் ஓட்டறனுங்க."